பச்சைக் கட்டடம் என்னும் பிரதி: துரித உணவகங்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

சிதம்பரத்தில் 'ஃபாஸ்ட் ஃபுட்' என்று சொன்னால் யாருக்கும் கண்ணாடிக் கட்டடம் ஞாபகத்துக்கு வராது. சாயங்காலம் தெருவோரம் வந்து நிற்கும் தள்ளுவண்டிதான் வரும். ஒரு கேஸ் அடுப்பு, ஒரு இரும்புச் சட்டி, முட்டை அட்டை, நறுக்கின கோஸ், சிவப்பு சாஸ் பாட்டில். ஐந்து நிமிஷத்தில் ஃப்ரைடு ரைஸ் கைக்கு வந்துவிடும். கடலூர் மஞ்சக்குப்பத்திலும் இதே கதைதான். அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலை முறையைக் குறித்த சொல், நம் ஊரில் ஒரு குடும்பம் ராத்திரி பதினொரு மணிவரை நின்று சம்பாதிக்கும் பிழைப்பைக் குறிப்பதாக மாறிவிட்டது. குறிப்பான் அப்படியே இருக்க, குறிப்பீடு இடம்பெயர்ந்துவிட்டது எனலாம். இந்த வண்டிக்குக் கட்டடம் கிடையாது. சுவர் இல்லை, சிமெண்ட் இல்லை, குளிரூட்டி இல்லை. மழை வந்தால் ஒரு தார்ப்பாய். 'சூழலுக்கு இணக்கமான கட்டடம்' என்ற கேள்வியை இந்த வண்டியிடம் கேட்கவே முடியாது. அதற்குச் சான்றிதழும் கிடைக்காது.

சான்றிதழ் யாருக்குக் கிடைக்கிறது? 2005-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் சவானா நகரில் ஒரு மெக்டொனால்ட்ஸ் கடை 'லீட்' என்ற பச்சைக் கட்டடச் சான்றிதழைப் பெற்றது. 2009-இல் ஜெர்மனியில் அதே நிறுவனம் தன் மஞ்சள் வளைவுகளுக்குப் பின்னால் இருந்த சிவப்பை எடுத்துவிட்டுப் பச்சையைப் பூசத் தொடங்கியது. 2020-இல் ஃப்ளோரிடாவின் டிஸ்னி வளாகத்தில், தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே சூரியனிலிருந்து எடுத்துக்கொள்ளும் கடை என்று ஒன்றைத் திறந்தது. சென்னை தியாகராய நகரில் கேஎஃப்சி நிறுவனமும் 'சூழல் உணர்வுள்ள' கடை என்று ஒன்றை விளம்பரப்படுத்தியது. கடலூர் - சிதம்பரம் சாலை நான்கு வழிச்சாலையாக மாறிய வேகத்தைப் பார்த்தால், இப்படியான கட்டடங்கள் இங்கும் வருவதற்கு ரொம்ப நாள் ஆகாது. அதற்கு முன்பாகவே இந்தப் பச்சையை வாசித்துப் பார்த்துவிடுவது நல்லது.

சும்மா சொல்லக்கூடாது, இந்தச் சான்றிதழ் ஒரு கச்சிதமான பிரதி. அமெரிக்கப் பசுமைக் கட்டடக் கழகம் 1993-இல் தொடங்கப்பட்டது. இந்தியக் கழகம் 2001-இல். ஹைதராபாத்தில் இந்தியத் தொழில் கூட்டமைப்பின் மையம் 2003-இல் உயர்ந்தபட்சத் தரமான 'பிளாட்டினம்' வாங்கியது. தண்ணீருக்கு இத்தனை மதிப்பெண், மின்சாரத்துக்கு இத்தனை, கட்டுமானப் பொருளுக்கு இத்தனை, உள்ளே இருக்கும் காற்றுக்கு இத்தனை. சைக்கிள் நிறுத்த இடம் விட்டால் அதற்கும் உண்டு. பரீட்சை மாதிரிதான், கூட்டிப் பார்த்துத் தங்கம், வெள்ளி என்று கொடுக்கிறார்கள். மின்சாரத்தை எவ்வளவு மிச்சம் பிடித்தோம் என்று காட்டும் கணக்கு இதில் சுவாரசியமானது. எதிலிருந்து மிச்சம்? கணிப்பொறியில் ஒரு கற்பனைக் கட்டடம் வரையப்படுகிறது: இதே அளவு, இதே உபயோகம், ஆனால் விதிப்படியான சாதாரணச் சுவர், சாதாரணக் குளிரூட்டி. அந்த இல்லாத கட்டடத்தைவிட இந்தக் கட்டடம் எவ்வளவு குறைவாகச் செலவழிக்கிறது என்பதே மதிப்பெண். ஆக, பச்சை என்பது ஒரு புனைவோடு செய்யப்படும் ஒப்பீடு. திண்ணை வைத்த ஓட்டு வீட்டோடு ஒப்பிடுவதில்லை. நம் தள்ளுவண்டியோடு நிச்சயமாக இல்லை. நாள் முழுக்கக் குளிரூட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டிதான் இயல்பானது என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் கணக்கே தொடங்குகிறது. ஒரு கருத்தியல் இயல்பாக்கப்படுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இன்னொன்று. இந்தப் பரீட்சை கட்டடத்தைத் திருத்துகிறது. கடை எதை விற்கிறது என்று கேட்பதில்லை. கால்நடை வளர்ப்பிலிருந்து மட்டும் மனிதச் செயல்களால் வெளியேறும் வெப்ப வாயுக்களில் 14.5 சதவீதம் வருவதாக ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம் 2013-இல் கணக்கிட்டது. மாட்டிறைச்சி ரொட்டி விற்கும் கடையின் சூழல் கேடு பெரும்பாலும் அதன் சுவருக்கு வெளியே, மேய்ச்சல் நிலத்திலும் தீவன வயலிலும் நடக்கிறது. சான்றிதழ் சுவரோடு நின்றுவிடுகிறது. (இதை வைத்து இங்கே மாட்டுக்கறிக்கு எதிராகக் கொடி பிடிக்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் பேசுவது அமெரிக்கத் தொழிற்சாலைப் பண்ணையை, சேரியில் ஞாயிற்றுக்கிழமை வாங்கும் அரைக் கிலோவை அல்ல. இரண்டையும் ஒன்றாக்கும் 'சைவச் சூழலியல்' ஒன்று நம்மிடையே உண்டு. அதைத் தனியாக விசாரிக்க வேண்டும்.)

கூரையையும் சோற்றையும் பிரித்துப் பார்க்கிற இந்த வாசிப்பு புதுசு. பெரும்பாணாற்றுப்படையை எடுத்துக்கொள்ளுங்கள். பாணன் நடந்துபோகிற வழியில் ஒவ்வொரு நிலமாக வருகிறது. ஒவ்வொரு நிலத்திலும் கூரை எதனால் வேயப்பட்டது என்பதும் அங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதும் அடுத்தடுத்துச் சொல்லப்படுகின்றன. எயினர் குரம்பை ஈந்தின் இலையால் வேய்ந்தது. முல்லை நிலத்துச் சிற்றூரில் வரகு வைக்கோல் வேய்ந்த வீடு. அங்கே கிடைப்பது வரகுச் சோறும் அவரையும். எந்தப் பயிரின் தானியம் பானைக்குள் போகிறதோ அதன் தாள்தான் மேலே கூரை. இதைப் பழம்பெருமையாகச் சொல்லவில்லை. அந்தப் பாட்டிலும் அடுக்குகள் உண்டு. அந்தணர் வீட்டில் கிடைக்கும் சோறு வேறு, எயினர் தரும் புல்லரிசி வேறு. ஆனால் கட்டடம், உணவு, அதைத் தருகிற ஆள் மூன்றையும் ஒரே பார்வையில் பார்க்கிற கண் அந்தப் பிரதிக்கு இருந்தது. மதிப்பெண் பட்டியலுக்கு அது இல்லை.

பச்சை என்பது எந்த அளவுக்குக் காட்சியாக ஆகிவிட்டது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. சென்னை ஓமந்தூரார் வளாகத்தில் 2010 மார்ச்சில் திறக்கப்பட்ட சட்டமன்ற - தலைமைச் செயலக வளாகம், பச்சைக் கட்டடமாகக் கட்டப்படும் சட்டமன்றம் என்று பெருமையாகப் பேசப்பட்டது. திறப்பு விழாவுக்குள் அதன் கோபுரக் குவிமாடம் முடியவில்லை. சினிமா கலை இயக்குநர் தோட்டா தரணியை வைத்து தற்காலிகமாக ஒரு குவிமாடம் செட் போட்டார்கள். ஆட்சி மாறியது, 2014-இல் அது மருத்துவமனை ஆனது. மருத்துவமனை ஆனதில் எனக்கு வருத்தமில்லை.

சரி, கடலூர் மாவட்டத்துக்கு வருவோம். பச்சைக் கட்டடப் பட்டியலில் மதிப்பெண் பெற்றுத் தரும் பொருள்களில் ஒன்று சாம்பல் கல். அனல்மின் நிலையத்தில் எரிந்து மிஞ்சிய சாம்பலைக் கொண்டு செய்த கல் என்பதால் 'மறுபயன்பாடு'. பக்கத்திலேயே கிடைத்தால் 'வட்டாரப் பொருள்' என்று அதற்கும் ஒரு கணக்கு. நமக்குச் சாம்பல் பக்கத்திலேயே இருக்கிறது: நெய்வேலி. 1950களிலிருந்து தோண்டப்படும் பழுப்பு நிலக்கரி, அதற்காகக் காலி செய்யப்பட்ட ஊர்கள், இறங்கிப்போன நிலத்தடி நீர். 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில், சுரங்கத்துக்கு வாய்க்கால் வெட்ட, கதிர் வரும் பருவத்தில் நின்ற நெல் வயலுக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்று நிறுவனம் சொன்னது. பயிர் வைத்தவன் கண்ணுக்கு அது பயிர். அந்த வயலுக்கு அடியில் இருக்கும் கரி வெட்டப்பட்டு, எரிந்து, சாம்பலாகி, கல்லாகி ஒரு உணவகச் சுவரில் ஏறும்போது அது பச்சை. வயல் பச்சையாக இருந்ததற்கு எந்தப் பட்டியலிலும் மதிப்பெண் இல்லை.

சாம்பலைச் சும்மா கொட்டி வைப்பதைவிடக் கல்லாக்குவது மேல் என்பது எனக்கும் தெரியும். செங்கல் சூளைக்கு வெட்டுகிற மண் மிச்சமாகும். ஆனால் ஒரு பொருளின் பிறப்பை அழித்துவிட்டு அதன் மறுபிறப்பை மட்டும் எழுதுகிற எழுத்து முறை இது. அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

கூரைக்கு வருவோம். இந்த வட்டாரத்தில் உண்மையிலேயே குறைந்த செலவில், குறைந்த வெப்பத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்த உதவியது கீற்றுக் கொட்டகை. தென்னங்கீற்றை ஊற வைத்து முடைவது பெரும்பாலும் பெண்கள் வேலை. மூங்கிலோ சவுக்கோ கட்டி மேலே வேய்வார்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றினால் பழசு மண்ணோடு மண். மத்தியானம் ஒரு மணிக்கு அதற்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். இவ்வளவு இருந்தும் கீற்றை யாரும் 'பச்சை' என்று சொன்னதில்லை. அது குடிசை. ஏழ்மை. ஒழிக்கப்பட வேண்டியது. 2010-இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் 21 லட்சம் குடிசைகளை ஆறு ஆண்டுகளில் கான்கிரீட் வீடுகளாக்கி 'குடிசையில்லாத் தமிழகம்' காண்பதாக அறிவித்தது. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறி, குடிசைகளையும் பண்ருட்டிப் பக்கத்து முந்திரி, பலாவையும் துடைத்துப் போட்ட பிறகு, அடுத்து வந்த அரசு ஒரு லட்சம் கான்கிரீட் வீடுகள் என்றது. கட்சி மாறினாலும் கூரை விஷயத்தில் கருத்து வேறுபாடு இல்லை.

இதைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஏனென்றால் குடிசையின் சரித்திரம் தீயின் சரித்திரமும்கூட. 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். 1999 நாடாளுமன்றத் தேர்தலின்போது இதே சிதம்பரம் தொகுதியில் தலித்துகளின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் இறந்தது சத்துணவு சமைத்த இடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியதால்தான். கீற்றுக்குக் கீழே வாழ்ந்தவனுக்கு அது 'இயற்கையோடு இயைந்த வாழ்வு' அல்ல. யாராவது ஒருத்தன் தீக்குச்சி கிழித்தால் போதும் என்ற பயம். கான்கிரீட் தளத்தை அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சித்திரையில் அது அடுப்பு மாதிரி காய்ந்தாலும், அதைக் கொளுத்த முடியாது.

ஆகவே, நெடுஞ்சாலை உணவகங்களில் இப்போது திரும்பி வருகிற கீற்றைப் பார்க்கும்போது எனக்கு இரண்டு மனசாக இருக்கிறது. கார் நிறுத்துமிடத்தைத் தாண்டினால் ஒரு குடில், மேலே கீற்று, உள்ளே மரநாற்காலி, ஓரத்தில் ஒரு மாட்டுவண்டிச் சக்கரம். பல இடங்களில் அந்தக் கீற்றும் கீற்றல்ல, பிளாஸ்டிக்கில் வார்த்தது. தீப்பிடிக்காது, மாற்ற வேண்டியதில்லை, மக்கவும் மக்காது. குடிசையிலிருந்து ஏழையையும் பயத்தையும் கழித்துவிட்டு மிஞ்சிய உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்ட குறி இது. ஊருக்குள் இருந்து ஒழிக்கப்பட்ட அதே கூரை சாலையோரத்தில் பண்பாடாகி நிற்கிறது.

இது புதுப் பழக்கமும் இல்லை. சிதம்பரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நடராசர் கோயிலில் சிற்றம்பலத்தை நின்று பாருங்கள். கருங்கல் கோயில்களுக்கு நடுவே அது மரச்சுவர் வைத்த ஒரு கூடம். வளைந்து இறங்குகிற அதன் கூரை வேய்ந்த குடிலின் வடிவம். ஆனால் வேய்ந்திருப்பது பொன். முதலாம் பராந்தகனைத் 'தில்லைக்குப் பொன் வேய்ந்தவன்' என்றே வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. வினைச்சொல்லைக் கவனியுங்கள்: போர்த்தவன் அல்ல, வேய்ந்தவன். கீற்றுக்கும் வைக்கோலுக்கும் உரிய வினை. குடிசையின் வடிவம் கடவுளுக்கு உகந்தது; குடிசையில் இருப்பவன் அல்ல. ஆதனூர்ச் சேரியிலிருந்து வந்த நந்தனுக்கு உள்ளே போக நெருப்பு வழி காட்டப்பட்டது என்று பெரியபுராணமே சொல்கிறது. கூரை, தீ, அனுமதி இந்த மூன்றும் இந்த ஊரில் ரொம்ப நாளாகவே சேர்ந்து கிடக்கின்றன.

அனுமதி என்ற சொல் வந்துவிட்டதால் துரித உணவகத்துக்குச் சாதகமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் ஊர் ஓட்டல் கட்டடம் ஒருபோதும் சும்மா கட்டடமாக இருந்ததில்லை. யார் எங்கே உட்கார்வது என்பதற்கு அது ஒரு வரைபடம். 1957-இல் பெரியார் சென்னையில் ஓட்டல் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற எழுத்தை அழிக்கக் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது. டீக்கடையில் இரட்டைக் குவளை. அதை எதிர்த்துக் கேள்வி வந்ததும் பல ஊர்களில் சேரிக்காரருக்கு மட்டும் தூக்கிப்போடுகிற பிளாஸ்டிக் கப். இந்தப் பின்னணியில், வரிசையில் நின்று காசைக் கொடுத்தால் யாருக்கும் ஒரே தட்டு, ஒரே மேசை என்கிற கண்ணாடிக் கடை ஒரு பையனுக்கு விடுதலையாகப் படுவதில் ஆச்சரியம் இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளைகளிடம் கேட்டுப்பாருங்கள். அங்கே யாரும் 'நீ எந்த ஊரு, எந்தத் தெரு' என்று கேட்பதில்லை. (காசு இல்லாதவன் கதை வேறு, அதுவும் ஒரு தெருதான்.) தூக்கிப்போடும் கோப்பையைச் சூழல்வாதி எதிர்க்கிறபோது இதையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு பிளாஸ்டிக் கப்பையும் தட்டில் விரிக்கும் தாளையும் தடை செய்தது சரிதான். ஆனால் எச்சில் என்ற கருத்தைத் தொடாமல், கழுவி மறுபடி உபயோகிக்கும் குவளையை மட்டும் பேசினால், எந்தக் குவளை யாருக்கு என்ற பழைய கேள்விக்கே போய்ச் சேருவோம்.

'குறைஞ்சபட்சம் இதையாவது செய்யுறாங்களே, அதையும் கொறை சொல்லணுமா?' என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. மிச்சமாகிற தண்ணீர் பொய்யில்லை; கடலூரில் தண்ணீரின் விலை எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த மாற்றங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். 1990 நவம்பரில் மெக்டொனால்ட்ஸ் தன் நுரைப் பிளாஸ்டிக் பெட்டியைக் கைவிட்டது. ஒரு சூழல் அமைப்போடு உட்கார்ந்து பேசி எடுத்த அறிவார்ந்த முடிவு என்றே அது பாடப்புத்தகங்களில் ஏறியிருக்கிறது. அதற்கு மூன்று வருஷம் முன்பிருந்து, நச்சுக் கழிவுக்கு எதிராகப் போராடிய சாதாரண ஊர்க்காரர்கள் அந்தப் பெட்டிக்கு எதிராக இயக்கம் நடத்தினார்கள். பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பகுதி கதையாடலில் மங்கிப்போனது. இங்கேயும் சிப்காட் பக்கத்து ஊர்க்காரர்கள் 2004 முதல் வாளியில் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பி, நாற்றத்துக்குக் கணக்கு எழுதிவருகிறார்கள். நாளைக்கு அந்தச் சாலையில் ஒரு பச்சை உணவகம் வந்தால் அதன் 'உள்ளரங்கக் காற்றுத் தரம்' மதிப்பெண் வாங்கும். வெளிக்காற்றை அளந்தவர்கள் அதில் எங்கே இருப்பார்கள்?

மாற்று இல்லாமல் இல்லை. வடக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் ஆரோவில். அங்கே அழுத்திய மண் கல்லில் கட்டிய பார்வையாளர் மையத்துக்கு 1992-இல் ஹசன் ஃபாத்தி பெயரிலான 'ஏழைகளுக்கான கட்டடக்கலை' விருது கிடைத்தது. அழகான கட்டடம், சூளை வைக்காத கல். அதன் சிற்றுண்டிச் சாலையில் எந்த ஏழை சாப்பிடுகிறான் என்பது வேறு விஷயம். ஃபாத்திக்கே இது நேர்ந்தது: 1940களில் எகிப்தில் அவர் மண்ணால் கட்டித் தந்த புதுக் கூர்னா ஊருக்குக் குடிபோகப் பெரும்பாலான ஊர்க்காரர்கள் மறுத்துவிட்டார்கள்.

எனக்குப் பிடித்த உதாரணம் திருவனந்தபுரம் தம்பானூரில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸ். செங்கல்லில் சுருண்டு ஏறுகிற கோபுரம். உள்ளே சரிவுப் பாதை, அதன் ஓரமாகக் கட்டடத்தோடு சேர்த்தே கட்டிய மேசையும் இருக்கையும். சுவர் முழுக்கக் காற்று வர ஓட்டைகள். ஏசி இல்லை. பஸ்ஸுக்கு நேரமானவன் அவசரமாக ஒரு கட்லெட், ஒரு காபி சாப்பிட்டுவிட்டு ஓடலாம். துரித உணவகம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது? காபி வாரியம் கடைகளை மூடியபோது வேலை போன ஊழியர்கள், ஏ.கே. கோபாலன் துணையோடு 1950களின் கடைசியில் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து நடத்தத் தொடங்கிய வரிசையில் வந்தது அது. கொண்டுவந்து வைக்கிறவர்தான் முதலாளி. சரிவில் ஏறி இறங்கிப் பரிமாறுவது காலுக்குச் சுகமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பேக்கரின் ரசிகர்கள் அதை எழுதுவதில்லை.

கடலூரிலோ சிதம்பரத்திலோ இப்படி ஒன்றைக் கட்ட என்ன தடை? மண் இருக்கிறது, ஆரோவிலில் வேலை பழகிய கொத்தனார்கள் புதுச்சேரி எல்லையிலேயே இருக்கிறார்கள், தெருவோர வியாபாரிகளைப் பாதுகாக்க 2014-ஆம் வருஷச் சட்டமும் இருக்கிறது. சட்டப்படி விற்பனைக்கென்று ஒதுக்க வேண்டிய இடத்தில் பத்து வண்டிக்காரர்களுக்குச் சேர்த்து ஒரு மண் கல் கூடம், காற்று வருகிற சுவர், கை கழுவத் தண்ணீர், பாத்திரம் துலக்குகிற பெண் நிமிர்ந்து நிற்கிற உயரத்தில் ஒரு தொட்டி. இதற்கு எந்தக் கழகமும் பிளாட்டினம் தராது. நகராட்சிக் கூட்டத்தில் இதை ஒருவர் எழுந்து கேட்டால் என்ன பதில் வரும் என்பதை வைத்து, நம் ஊரில் பச்சை என்ற சொல்லுக்கு இன்றைய தேதியில் என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்ளலாம்.